நிருபர் வரிசையில் ஒரு நாற்காலி

"இந்தப் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுங்கய்யா. நிருபர் வரிசையிலயே போடுங்க!"

ஒன்றியச் சேர்மன் வாயால் அப்படிச் சொன்னதும் எழுத்தர் சுப்புராஜுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஈவா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

பாவம், எத்தனை தடவை அவளைச் சுப்புராஜ் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்! வலைப்பதிவு எழுதுகிற பெண். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கிற தீர்மான நகலை எனக்கும் கொடுங்கள் என்பதைத் தவிர அவள் வேறென்ன கேட்டாள்?

"நிருபர் அட்டை இருக்கா தாயி? இல்லைன்னா கெளம்பு" என்று மேலே சொல்லிக்கொடுத்ததை இவர் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தார். போன கூட்டத்தன்று வெயில் தாங்காமல் வாசல் கேட் பக்கம் மயங்கி உட்கார்ந்தவளுக்கு, சேர்மன் பார்த்துவிடுவாரோ என்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுசனா என்று அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் எழுதியதில் பொய்யும் கிடையாது. ஊர்க் கண்மாயில் திருட்டு மண் அள்ள வந்த லாரிகளைப் படம் பிடித்துப் போட்டாள். அவள் போனும் கையுமாகக் கரையில் நிற்க ஆரம்பித்த பிறகு ஒரு லாரியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்று காலையில் சேர்மனே கூப்பிட்டு, "எல்லாரும் சமந்தானய்யா, அந்தப் பிள்ளையையும் வரச்சொல்லு" என்றார். சுப்புராஜ் ஓடிப்போய்ப் போன் போட்டார்.

"இப்பவா? கம்மாக்கரையில நிக்கேண்ணே. விட்டுட்டு எப்படி வர?"

"அட, சேர்மனே கூப்பிடுறாக தாயி! இத விட்டா மறுபடி வாய்க்காது. பஸ்ஸப் பிடிச்சு வா."

வழக்கமாக வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்று முடிகிற கூட்டம், இன்று இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு தீர்மானத்தையும் வரி விடாமல் வாசிக்கச் சொன்னார் சேர்மன். நடுவில் இரண்டாம் முறையும் காபி வந்தது.

"கம்மாயில மண்ணெடுக்க யாருக்கும் அனுமதி குடுத்திருக்கீகளாய்யா?" என்று ஈவா எழுந்து கேட்டாள்.

"யாருக்கும் குடுக்கலம்மா. தாராளமா எழுதிக்க" என்று சேர்மன் சிரித்தார்.

நகலைச் சுப்புராஜே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். "நீங்க வம்படியாக் கூப்பிடலேன்னா வந்திருக்க மாட்டேண்ணே" என்றாள் ஈவா, கண் கலங்கி. செய்த பாவமெல்லாம் இந்த ஒரு நாளில் கழிந்துவிட்டது என்று அவருக்கு மனசு நிறைந்தது.

சேர்மனின் போன் அடித்தது. அவர் எழுந்து ஜன்னலோரம், சுப்புராஜுக்குப் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"கடைசி லோடும் ஏத்தியாச்சா? அப்பச் சரி, கூட்டத்த முடிச்சிருறேன்."