மோந்து பார்த்துச் சொல்

பிளேடு கேட்டான்.

பனியனைக் கழற்றியாயிற்று. உடம்பில் ஜட்டியும் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறும்தான் பாக்கி. எடை மெஷின் இன்னும் கூடத்தான் காட்டியது.

கயிற்றை அறுத்தான்.

ஆம்பிளைக்கு அரைஞாண் அறுப்பது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு அறுக்கிறவன் அவனாக இருக்கமாட்டான்.

சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுபடி ஏறினான். மூச்சை வெளியே விட்டுவிட்டு நின்றான். மூச்சுக்கு என்ன எடை? இருந்தாலும் விட்டான்.

கயிறு போனது. எடை போகவில்லை.

"எண்பத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா டீம்ல சேக்க முடியாதுண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" மேனேஜர் பேனாவை மூடினான். "இத்தனை வருஷம் கபடியில நின்னதே பெருசு. பிள்ளையோட சந்தோஷமா இருங்க."

அவ்வளவுதான். இந்த சீசன் இல்லையென்றால் இந்த வயசில் அடுத்த சீசன் என்று ஒன்று கிடையாது.

மெஷின் கோளாறு என்று கத்தினான். வேறு மெஷின் வந்தது. அதுவும் அதையேதான் சொன்னது. மேனேஜர் எவனிடமோ கைநீட்டிவிட்டான் என்று நினைத்தான். கோச் தன் அக்கா மகனை உள்ளே இழுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தான். யாரையும் நம்பி வளர்ந்தவன் இல்லை அவன்.

ஒரு மாதமாகக் கொள்ளுக் கஞ்சி. சோற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினான். தெருநாய்கள் நிழலில் படுத்தபடி வேடிக்கை பார்த்தன.

பிறகு எங்கிருந்து ஏறும் எடை?

மூலையில் போய் உட்கார்ந்தான். கூட ஆடி, கூடவே வயசான சகாயராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் பையிலிருந்த பிளாஸ்கை எடுத்துத் திறந்து சகாயராஜ் ஒரு வாய் குடித்தான். எடை பார்த்ததும் குடிக்கச் சொல்லி, அவன் பெண்டாட்டி இளவரசி காலையில் கொடுத்தனுப்பிய கஞ்சி.

இன்னொரு வாய் குடித்தான்.

"ஏன்டா மாப்ள, இது கொள்ளுக் கஞ்சியா, கல்யாண வீட்டுப் பாயசமா? நெய்யும் முந்திரியும் இந்த மணம் மணக்குது! தங்கச்சி கவனிப்புன்னா கவனிப்புடா."

அவன் பிளாஸ்கைப் பிடுங்கினான். மூக்கருகே வைத்தான்.

ஒன்றுமில்லை.

எதிராளியின் முழங்கால் முகத்தில் இறங்கிய நாளிலிருந்து அவனுக்கு மல்லிகையும் ஒன்று, சாக்கடையும் ஒன்று. உப்பும் உறைப்பும் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் இளவரசிதான். பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா, அவன் ஜெர்சி நாறுகிறதா, அவள் மோந்து சொன்னால் சரி.

இந்தக் கஞ்சி தொண்டையில் வழவழவென்று இறங்கியது அவனுக்குத் தெரியும். நன்றாக வெந்திருக்கிறது என்று நினைத்திருந்தான்.

உலகத்தில் அவன் சந்தேகப்படாமல் விழுங்கியது அவள் கொடுத்ததை மட்டும்தான்.

கழுத்து ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இன்னொரு அடி விழுந்தால் கை கால் வராது என்றார். அன்றைக்கு அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள், போதுங்க என்று. பாப்பா தலையில் கைவைத்துச் சரி என்றான். மறுவாரமே போய் டீமுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

அவள் சண்டை போடவில்லை. கொள்ளை எடுத்து ஊறவைத்தாள்.

அழுதிருக்கலாம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். கொதிக்கிற கஞ்சியை மூஞ்சியில் ஊற்றியிருந்தால்கூட அது நேருக்கு நேர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான்.

என்னாச்சு என்று அவள் கேட்கவில்லை. அறுந்த கயிற்றை அவள் முன்னால் மேஜையில் போட்டான். அவள் கை தாலிக்குப் போனது. பிறகு அடுப்படிக்குப் போனாள். வழக்கம்போல டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

அவன் அதைத் தொடவில்லை.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டான். டம்ளரை அவளிடம் நீட்டினான்.

"பாப்பா, மோந்து பாத்துச் சொல்லு. அப்பா குடிக்கலாமா?"

பாப்பா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினாள்.

மோந்து பார்க்கவில்லை.

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.