சிவப்பு பெட்ரோல்

"அக்கா ஊட்டு வண்டி வந்து நின்னதே யாருக்கும் தெரியல. நம்ம வண்டி சேக்காட்டுல பொறப்பட்டா கொரட்டூர் ஏரி வரைக்கும் கேக்குது" என்றாள் தாட்சாயிணி, புருஷனுக்குச் சோறு போட்டபடி.

திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முப்பத்தெட்டாம் வருஷத்தில், சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்களில் கார் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவன். இன்னொருவன், தாட்சாயிணியின் அக்கா பொன்னம்மாளைக் கட்டிய மேனாம்பேட்டு நாகேந்திரன். இரண்டும் ஒரே கம்பெனி வண்டிதான். ஆனால் கொரட்டூர் மாமனார் வீட்டுக்கு நாகேந்திரனின் கார் ஏரிக்கரைச் சரிவில் சத்தமே இல்லாமல் இறங்கி வந்து நிற்கும்; திரும்பிப் போவதும் ஊர் அடங்கின பிறகுதான். திருவேங்கடத்தின் கார் வந்தால் கோழியெல்லாம் கூரையேறிவிடும்.

"அவரு சிவப்பு பெட்ரோல் போடறாராம். அக்காதான் சொன்னா."

மறுநாளே பூந்தமல்லி ரோட்டுப் பெட்ரோல் பம்ப்பில் போய் நின்றான்.

"சிவப்பு ஊத்து."

கைப்பிடியை அடித்து பெட்ரோல் இறக்கும் துலுக்கானம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாத்துக்கு நைனா? கேலனுக்கு மூணணா ஜாஸ்தி. பாரம் இழுக்கிற பெரிய எஞ்சின்னா சரி. ஆவடிக்கும் கொரட்டூருக்கும் போய்கினு வர்றதுக்கு சாதாவே போதும்."

"எங்க சகலை போடலியா?"

"அவரு நம்மகிட்ட வந்தே ரொம்ப நாளாவுது. பட்டணத்துல போடறாரோ இன்னாவோ."

பட்டணத்துப் பெட்ரோல் என்றதும் அவன் வயிறு இன்னும் எரிந்தது. மூன்று மாதம் சிவப்பே ஊற்றினான். மேடு ஏறும்போது எஞ்சின் தட்டுகிற சத்தம் கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான். கோழிகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அப்போதுதான் மைத்துனன் கோவிந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயத்தன்று மதியப் பந்தியில் மாமனார் அய்யாசாமி சொன்னார்:

"பொண்ணு மாப்ள ஊர்வலம் பெரிய மாப்ள வண்டியிலதான். சின்ன மாப்ள வண்டின்னா மேளச் சத்தமே கேக்காது."

பந்தியே சிரித்தது. திருவேங்கடத்தின் முகம் சுண்டிப் போயிற்று.

"வேணாம் மாமா" என்றான் நாகேந்திரன், இலையைப் பார்த்தபடி. "சகலை வண்டியிலயே வரட்டும். அவரு ஆசப்படுவாரு."

சிரித்ததைக்கூடப் பொறுத்திருப்பான். இந்தப் பெருந்தன்மையைத்தான் திருவேங்கடத்தால் தாங்க முடியவில்லை. எனக்குப் பிச்சை போடுகிறானா இவன்?

"அப்படி இன்னாதான் கீது உன் வண்டியில? இன்னிக்கு நான் பாத்துட்றேன்." கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பொன்னம்மாளின் கை அப்படியே நின்றது.

"ஒக்காரு சகலை. சாப்ட்டுட்டுப் பாக்கலாம்" என்றான் நாகேந்திரன்.

திருவேங்கடம் காதில் போட்டுக்கொள்ளாமல் வாசலுக்கு வந்தான். புளியமரத்தடியில் கார் துடைத்து வைத்த பித்தளைக் குடம் போலப் பளபளத்தது. பட்டணத்தில் ஏதோ புது சாமான் வாங்கி மாட்டியிருக்கிறான், கண்டுபிடித்து எல்லார் எதிரிலும் கேட்டுவிட வேண்டும் என்று கொக்கியைத் தட்டி, பானெட்டைத் தூக்கினான்.

எஞ்சின் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அந்தப் பள்ளத்தில், மாடு பூட்டும் வடக்கயிறு ஒன்று சாணி ஈரம் காயாமல் சுருண்டிருந்தது.

நிமிர்ந்தான். தூரத்தில், சரிவு தொடங்கும் ஏரிக்கரை மேட்டில், நாகேந்திரனின் உழவு மாடுகள் இரண்டும் மேய்ந்துகொண்டிருந்தன.

"இன்னா மாப்ள, இன்னா போடறாருன்னு தெரிஞ்சுதா?" உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

வாசற்படியில் பொன்னம்மாள் ரசக் கரண்டியோடு நின்றிருந்தாள்.

திருவேங்கடம் பானெட்டை மெதுவாக மூடினான்.

"சிவப்பு பெட்ரோல்தான் மாமா. அதப் போயி ஊர்வலத்துல வீணாக்க வேணாம், என் வண்டியே வரட்டும்."