இடுப்புக் கத்தி

"அக்கா, இவ உதட்டைப் பாருங்க. எவ்வளவு முழுசா இருக்கு. எல்லாம் நீங்க போட்ட பிச்சை."

படகை விட்டு இறங்கிய ஷோக்கோ தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. குழந்தையும் கையுமாக நேரே பக்கத்து வீட்டு மியாவாவின் வாசலில் வந்து நின்றாள். கிரகணத்தில் நிலா கடிபட்ட மறுநாளே புருஷனின் பிழைப்புக்காக ஏரிக்கு அக்கரை போனவள், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து இன்றுதான் தெனோச்தித்லான் நகருக்குத் திரும்புகிறாள்.

"பிச்சையாவது ஒண்ணாவது. உள்ள வாடி, வாயாடி," என்றாள் மியாவா.

ஷோக்கோ ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். "சோளக் கொழுக்கட்டை, உள்ள வான்கோழிக் கறி. வேண்டாம்னு சொல்லக் கூடாது."

கிரகண ராத்திரி என்றால் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. நிலாவைக் கடிக்கிற பல், வயிற்றுப் பிள்ளையின் உதட்டையும் கடித்துவிடும். எரிமலைக் கண்ணாடிக் கத்தி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டால்தான் பிள்ளை தப்பும். நிறைமாதக்காரி ஷோக்கோவோ, அன்று காலைதான் கற்றாழை சீவுகிறேன் பேர்வழி என்று தன் கத்தியைக் கீழே போட்டு உடைத்திருந்தாள்.

"தெருவே கூச்சல் போடுது, நான் அழுதுகிட்டே ஓடி வர்றேன். நீங்க ஒரு வார்த்தை கேக்கல. இடுப்புத் துணியிலேருந்து உருவிக் கொடுத்தீங்க. கத்தி கதகதன்னு இருந்துச்சுக்கா."

"ம்."

"இதாலதான் மருத்துவச்சி தொப்புள்கொடியையும் அறுத்தா. தொட்டதுதான் தெரியும், அப்படி ஒரு கூர்மை. சாகுற வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன்." துணியில் சுற்றி வைத்திருந்த கத்தியை நீட்டினாள். "இரவல் வாங்கிட்டு ஓடிட்டா பாருன்னு திட்டியிருப்பீங்க."

"திட்டல. உன் பிள்ளை எப்படிப் பொறந்துச்சோன்னு நினைச்சுப்பேன்."

"உங்ககிட்ட வேற கத்தி இருந்திருக்கும், இல்ல?"

மியாவா பதில் சொல்வதற்குள் உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. ஷோக்கோ திகைத்துப்போனாள்.

"இது யார் பிள்ளைக்கா?"

"என் மகன்தான்." மியாவா அவனைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கு எனக்கு நாள் தள்ளிப்போயிருந்துச்சு, அவ்வளவுதான். உறுதியாத் தெரியல. உன் வயிறு கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு."

முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள். பிளந்திருந்த மேலுதட்டோடு அவன் ஷோக்கோவைப் பார்த்துச் சிரித்தான்.