தெரிந்த குரல்

மூன்றரைக்கு வரவேண்டிய பள்ளி வேன் நாலேகால் ஆகியும் வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தவளின் செல்போன் அடித்தது.

"உங்க பொண்ணு... என்கிட்டதான் இருக்கா. பதறாம... பின் தெரு மருந்துக்கடைக்கு வாங்க."

ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அடித்தொண்டையில் பேசினான் ஒருவன். அவள் வாசலுக்கு ஓடிக் கத்தினாள்.

"அண்ணா, ஓடி வாங்க! என் பொண்ணை எவனோ கடத்திட்டான்!"

"தெரிஞ்ச ஆளாம்மா?" என்று ஓடி வந்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

"குரல் தெரியும்ணா. அது கொலைகாரன் குரல். எங்க கேட்டேன்னுதான் ஞாபகம் வரல."

கட்டையும் கம்பியுமாக ஆறு பேர் கிளம்பினார்கள். மருந்துக்கடை வாசலில், குழந்தையின் கையைப் பிடித்தபடி நரைத்த தலையோடு ஒருவர் நின்றிருந்தார்.

"நீங்கதான் அம்மாவா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம்.

"இவன்தான்! அதே குரல்!"

முதல் அடியே தொண்டையில் விழுந்தது.

"அம்மா, தாத்தாவை அடிக்க வேணாம்னு சொல்லும்மா!" மகள் வீறிட்டாள். "வேன்தான் என்னைத் தப்பான தெருவுல இறக்கி விட்டுச்சு. அவர் என் ஸ்கூல் அட்டையில நம்பரைப் பார்த்து உனக்குப் போன் பண்ணினாரு."

மருந்துக்கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். "அடப்பாவிகளா! டிவியில தினமும் மத்தியானம் கொலைக் கதையெல்லாம் சொல்வாரே, அவருடா இவரு!"

அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஐந்து வருடமாக, சமைத்துக்கொண்டே ஒருநாள் விடாமல் கேட்ட குரல். முகத்தைத்தான் டிவியில் காட்டியதில்லை.

"ஐயா, ஏதாவது பேசுங்கய்யா..." என்று அவர் காலடியில் விழுந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.