தேதி இல்லாமல் சேமிக்காது

சபாவின் நான்கு அரங்குகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கணினி வருகிறது. நிகழ்ச்சிகளுக்குக் குறியீடு அமைப்பது என் வேலை. முதலில் அரங்கின் எண், அடுத்து வகைக்கான எழுத்து, கடைசியில் தேதி. பாட்டுக்குப் ‘பா’, நடனத்துக்கு ‘ந’. செயலர் ரங்கபாஷ்யம் வெற்றிலை வாயோடு என் தோளுக்கு மேல் குனிந்து பட்டியலைப் பார்த்தார்.

“அஞ்சலிக் கூட்டத்துக்கு ஒண்ணு வைங்க. நம்ம பாடகி சௌடாம்பிகை அம்மாவுக்கு.”

“அவங்க ஆஸ்பத்திரிலதானே சார் இருக்காங்க?”

“அதான் சொல்றேன். இப்பவே பிடிச்சு வைக்கலன்னா பெரிய ஹால் போயிடும்.”

‘அ’ என்று அடித்தேன். தேதி இல்லாமல் சேமிக்க மாட்டேன் என்றது கணினி. அவர் வெளியே போய் அந்த அம்மாவின் மகனிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

“ஜனவரி இருபத்தெட்டு போடுங்க. பொங்கலைத் தாண்ட மாட்டாங்களாம்.”

அடித்தேன். பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்க்கவும் செய்தேன்.

மறுவாரம் அலுவலகத் தொலைபேசியில் ஒரு குரல் மூச்சிழுத்துப் பேசியது. “சௌடாம்பிகை பேசறேன். இந்த வருஷம் எனக்கு எந்தத் தேதிம்மா?”

பெயரை அடித்தேன். திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது. எதிர் மேசையிலிருந்து செயலர், “தேதியை மட்டும் சொல்லுங்க” என்று வாயசைத்தார். உதட்டோரம் சிவந்திருந்தது.

“ஜனவரி இருபத்தெட்டு, அம்மா. பெரிய ஹால்.”

“பெரிய ஹாலா?” கொஞ்ச நேரம் இருமல் மட்டும் கேட்டது. “சரிம்மா. அதுக்குள்ள தொண்டையைச் சரி பண்ணிக்கறேன்.”