ஹாரன் அடிக்காத வரிசை

ஷெல்பியின் இடுப்பில் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அணைக்க மறந்துவிட்டாள். இனி அவள் வாயைத் திறந்தால், காரில் வருகிறவர்கள் இறங்காமலே ஆர்டர் சொல்லும் கம்பத்தின் ஸ்பீக்கரில் கார் வரிசைக்கே கேட்கும். எங்கள் டோனட் கடையில் இப்படி மாட்டிக்கொண்டு அசடு வழியாதவர்கள் கிடையாது. நான் என் மாஜி புருஷனைத் திட்டியது ஒருநாள் முழுசாக ஒலிபரப்பானது.

கம்பத்தருகே கிழவர் லண்டீனின் பச்சை வண்டி. வருஷக்கணக்காக அதே காபி, அதே டோனட். ஆனாலும் தினமும், "இரும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று கழுத்தை அறுப்பார். பின்னால் இருப்பவர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டார்கள்.

அவர் யோசிக்கட்டும் என்று ஷெல்பி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மனப்பாடம் செய்ததைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள்.

அன்றைக்குக் கல்லூரியில் அவள் பேச வேண்டும். நர்ஸிங்கில் சேர, அந்தப் பேச்சுப் பாடத்தில் தேறியே ஆக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை வகுப்பின் முன்னால் போய் நின்று, ஒரு வார்த்தையும் வராமல், அழுதுகொண்டே வந்து உட்கார்ந்துவிட்டாள். இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம்.

இருட்டோடு எழுந்து இங்கே வந்து, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தலைமுடியில் எண்ணெய் வாசனையோடு பஸ்ஸைத் துரத்தி ஓடுகிற பிள்ளை. அன்று வரும் வழியில் ஷூ வேறு வாயைப் பிளந்திருந்தது. டோனட் பெட்டிக்கு ஒட்டும் டேப்பை அதற்குச் சுற்றியிருந்தாள்.

"எனக்கு என் வேலை பிடிக்காது." அவள் குரல் நான் மாட்டியிருந்த ஹெட்செட்டில் கேட்டது. வெளியேயும் கேட்டது.

ஐயோ என்று தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. காபி கொஞ்சம் லேட்டானா குடியே முழுகிப் போன மாதிரி ஹாரன் அடிப்பாங்க. எங்க மேனேஜர் வெர்னா ஒரு ராட்சசி. செகண்டை எண்ணிக்கிட்டே இருப்பாங்க. ஆனா என் பஸ் வர்ற நேரம் என்னைவிட அவங்களுக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும்."

வெர்னா நான்தான். அவள் தோளைத் தட்ட நீட்டிய கை அப்படியே நின்றது.

"பச்சை வண்டியில ஒரு தாத்தா வருவார். என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிட்டே யோசிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்புறம்தான் புரிஞ்சுது. ஆர்டர் சொல்லிட்டா பேச்சு முடிஞ்சு போயிடும் இல்லையா? அவர் வீட்ல பேச வேற ஆள் இல்ல."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். லண்டீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கம்பத்தின் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். ஏரிப்பக்கமிருந்து வந்த காற்று அப்படிக் குளிர்ந்தது. அப்படியும் பின்னால் ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடி இறங்கியது. பள்ளி வேன் ஓட்டும் அம்மாள் இன்ஜினையே அணைத்துவிட்டாள்.

ஒவ்வொரு காரும் எவ்வளவு நேரம் காத்து நிற்கிறது என்று காட்டும் சுவர்த்திரை மஞ்சளாகி, சிவப்பாகிவிட்டது. தலைமை அலுவலகத்திலும் இது தெரியும். மத்தியானம் போன் போட்டு என்னை வறுத்தெடுப்பார்கள். என் ஏப்ரனைக் கழற்றி அதன்மேல் மாட்டினேன்.

நடுவில் ஷெல்பி தடுமாறினாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. போச்சு, அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். கடைசி வரை சொல்லி முடித்து, "இன்னைக்கு கிளாஸ்ல எப்படியாவது பாஸ் பண்ணிடணும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். என் கண் நிறைந்துவிட்டது. ராட்சசி அழுதால் பார்க்கச் சகிக்குமா? பின்னால் போய் நின்று, "முடிச்சு அவிழ்ந்திருக்கு பாரு, கழுதை" என்று அவள் ஏப்ரனை இறுக்கிக் கட்டுகிற சாக்கில் அந்த விளக்கை அணைத்தேன்.

"வழக்கமானதுதாம்மா," என்றார் லண்டீன்.

ஷெல்பி கண்ணை அகல விரித்தாள். "இன்னைக்கு இவருக்கு என்ன ஆச்சு?"

"பேசாம ஊத்து. பஸ் வந்துடும்."

மறுநாள் காலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பாஸ் பண்ணிட்டேன் வெர்னா! கண்ணை மூடிக்கிட்டு, இங்க ஜன்னல்கிட்ட நிக்கிறதா நெனைச்சுக்கிட்டேன். இங்கதானே நான் பேசுறதை யாருமே கேக்குறதில்ல."

"கையைக் கழுவிட்டு வா," என்றேன்.

அவள் வரும்வரை ஹெட்செட்டோடு நானே ஜன்னலில் நின்றேன். டிங் என்றது. பச்சை வண்டி. அதன் பின்னால் தெருமுனை வரை கண்ணாடி இறங்கிய கார்கள்.

"சொல்லுங்க லண்டீன், என்ன வேணும்?"

யோசிக்கவே இல்லை மனுஷர். "பாஸா?"

"பாஸ்," என்றேன்.

முதலில் பச்சை வண்டியின் ஹாரன். அப்புறம் அதற்குப் பின்னால் இருந்தது, அதற்கும் பின்னால் இருந்தது, பள்ளி வேன், எல்லாம். தெருவே அதிர்ந்தது.

ஷெல்பி ஈரக்கையோடு ஓடி வந்தாள். "என்னாச்சு? எதுக்கு இந்தக் கூச்சல்?"

"லண்டீன் யோசிக்கிறார்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்து கிளாஸ்லயும் இதைத்தான் சொன்னேன் வெர்னா. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் பொறுமையே கிடையாது."