தலைவாசல்

இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலியாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி சோலைமலை, லிந்துலையில் கட்டப்போகும் வீட்டுக்குக் கொத்தனார் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அடுப்படி, சாமியறை எல்லாம் மனைவி அழகம்மா காட்டிய இடத்தில்தான்.

"தலைவாசல் மட்டும் நான் சொல்றபடி. என் தோள் உசரம் போதும்," என்றார் கங்காணி.

"எதுக்குங்க?" என்றாள் அழகம்மா.

"வெள்ளைக்காரத் துரை வந்தா குனிஞ்சுதான் நுழையணும். அவன் தலை குனியறதத் தோட்டமே பாக்கணும்."

"தெனமும் இடிக்கப்போறது உங்க தலைதாங்க!"

குடிபுகுந்த அன்று துரை வந்தார். உள்ளே வரவில்லை. காரை விட்டு இறங்காமலே, "கங்காணி!" என்று கூப்பிட்டார்.

கங்காணி உள்ளேயிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார். அழகம்மா பயந்தபடி தலை இடிக்கவில்லை. குரல் கேட்டபோதே அது குனிந்துவிட்டது.